அரிப்புக்கு அன்னதானம் கிடையாது

தமிழில் ஒருவரை ஒரே சொல்லில் கீழே தள்ள வேண்டுமென்றால் ‘சொறிநாய்’ என்றால் போதும். திட்டுபவருக்கும் திட்டு வாங்குபவருக்கும் அந்தச் சொல்லுக்குள் ஒரு நோயாளி இருப்பது நினைவுக்கு வருவதில்லை. காய்ச்சல் கண்ட மாட்டைக் ‘காய்ச்சல்மாடு’ என்று தனி இனமாக்கி நாம் பேசுவதில்லை. நாய்க்கு மட்டும், வெறிநாய் என்றும் சொறிநாய் என்றும், வந்த நோயே பிறவிப் பெயராகிவிட்டது. மாணிக்கவாசகர் தம்மைத் தாழ்த்திக்கொள்ள வேண்டிய இடங்களில் திருவாசகம் நெடுகிலும் நாயைத்தான் துணைக்கு அழைக்கிறார். பைரவருக்கு வாகனமாக நிற்கும்போது மட்டும் அதே நாயின் கழுத்தில் மாலை விழுகிறது. இந்தப் பழக்கத்தில் ஊறிய மனம், ஓயாமல் சொறிந்துகொண்டிருக்கும் நாயைப் பார்த்ததும் ‘அது அப்படித்தான்’ என்று முடித்துக்கொள்கிறது. ‘ஏன் சொறிகிறது?’ என்ற கேள்வி எழ வேண்டிய இடத்தில் ஒரு பெயர் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அந்தக் கேள்வி கால்நடை மருத்துவருக்கு உரியது, நமக்கு உரியது இரக்கம் மட்டுமே என்று வேலையைப் பிரித்துவைத்திருக்கிறோம். அந்தப் பிரிவினை தவறு. காரணம் தேடுவது அருளுக்குப் பிறகு வரும் தொழில்நுட்ப வேலையாக இல்லாமல் அருளின் உள்ளேயே இருக்க வேண்டியது என்பது என் கட்சி.

நம் மரபில் அருளுக்கு அளவுகோல் பசிதான். மணிமேகலையின் கையில் இருப்பது அமுதசுரபி. வள்ளலார் 1867இல் வடலூரில் திறந்த தருமச்சாலையின் அடுப்பு இன்றும் எரிகிறது. பசியைப் பிணி என்றே நம் முன்னோர் சொன்னார்கள். அதைத் தீர்ப்பவரை மருத்துவரைவிட உயர்த்தினார்கள். அதில் குறை காண ஒன்றுமில்லை. ஆனால் பசிக்கு மற்ற பிணிகளுக்கு இல்லாத ஒரு சலுகை உண்டு: அதன் காரணமும் மருந்தும் ஒன்றேதான். சோறில்லாததால் வந்தது, சோற்றால் போகும். கொடுப்பவருக்கு மனமும் பண்டமும் இருந்தால் போதும், ஆராய்ச்சி வேண்டியதில்லை. மணிமேகலையிலேயே இதற்கு ஒரு விதிவிலக்கு வருகிறது. காயசண்டிகையின் யானைத்தீ நோய் எவ்வளவு தின்றாலும் அடங்காது. ஊரார் சோறு எதுவும் அதைத் தொடவில்லை, ஏனென்றால் அதன் வேர் வயிற்றில் இல்லை, ஒரு முனிவரின் சாபத்தில் இருந்தது. காப்பியம் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசித்திருக்கலாம். நிற்கவில்லை, அமுதசுரபியின் அன்னத்தாலேயே அதையும் தீர்த்துவைத்து நகர்ந்துவிடுகிறது. பிற்காலத்தில் ஜீவகாருண்யம் என்றதும் நம் கை தானாக எதையாவது கொடுக்கப் போவதற்கு இந்தப் பசி மாதிரிதான் காரணம். தெருமுனையில் ஒரு நாய் தன் தோலைக் கடித்துக்கொண்டு கிடந்தாலும் நம்மிடமிருந்து பிரிவது ஒரு பிஸ்கட் பாக்கெட்தான்.

அரிப்பு பசியைப் போன்றதல்ல. வெளியே தெரிவது ஒரே காட்சி, உள்ளே இருப்பது பத்துக் கதை. நாய் வாலின் அடிப்பகுதியையும் பின்தொடைகளையும் கடித்துக் கடித்து முடி உதிர்ந்திருந்தால் முதல் சந்தேகம் தெள்ளுப்பூச்சி மேல் விழும். அதன் உமிழ்நீர் ஒவ்வாத நாய்க்குச் சில கடிகளே போதும், வாரக்கணக்கில் அரிக்கும். ஆகையால் உடம்பில் ஒரு தெள்ளுகூடக் கண்ணில் படவில்லை என்பது தெள்ளு இல்லை என்பதற்குச் சாட்சி ஆகாது. இத்தனைக்கும் நாயின் மேல் இருக்கும் வளர்ந்த பூச்சிகள் மொத்தக் கூட்டத்தில் நூற்றுக்கு ஐந்து பங்குதான் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. மற்றவை முட்டையாக, புழுவாக, கூட்டுப்புழுவாகப் பாயிலும் தரையிடுக்கிலும் கிடக்கின்றன. காது மடலின் ஓரம், முழங்கை, பின்கால் மூட்டு ஆகியவற்றில் பொருக்குத் தட்டி, நாய் இரவு பகல் பாராமல் துடித்தால் அது சொறி உண்டாக்கும் சர்காப்டிஸ் என்னும் நுண்பூச்சியாக இருக்கலாம். அது தோலுக்குள் சுரங்கம் வெட்டிக் குடியிருக்கும். தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தாலும் பல நேரம் அகப்படாது. காதிலும் விரலிடுக்கிலும் பிசுபிசுப்பும் ஊசிப்போன வாடையும் இருந்தால் மலசீசியா என்னும் ஈஸ்ட் பூஞ்சை. டெமோடெக்ஸ் என்ற இன்னொரு நுண்பூச்சி இருக்கிறது. தாய் மடியில் பால் குடிக்கும் முதல் சில நாள்களிலேயே அது குட்டிக்கு வந்துவிடும். ஆரோக்கியமான நாயின் மயிர்க்காலிலும் அது சும்மா வாழ்கிறது, எதிர்ப்புச் சக்தி தளர்ந்தால் மட்டும் பெருகி முடியை உதிர்க்கிறது, பெரும்பாலும் அரிப்பதுகூட இல்லை. இவை எல்லாவற்றுக்கும் மேல் உணவு ஒவ்வாமை. அதற்கும் அப்பால் வீட்டுத் தூசியில் வாழும் நுண்பூச்சி, மகரந்தம் போன்றவற்றுக்குத் தோல் காட்டும் பிறவி ஒவ்வாமை. ஒரு நாய்க்கு இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்தும் இருக்கும், சொறிந்த புண்ணில் பாக்டீரியா வேறு குடியேறும்.

இந்தப் பட்டியலைப் பார்த்தபின் நாம் வழக்கமாகச் செய்யும் உதவிகளை எண்ணிப் பார்க்கலாம். சொறிநாய் மேல் மெக்கானிக் கடை வேஸ்ட் ஆயிலை ஊற்றுவது பல ஊர்களில் வைத்தியமாகவே நடக்கிறது. மண்ணெண்ணெய் பூசுவதும் உண்டு. செய்பவர்கள் கொடியவர்கள் இல்லை, ஒதுங்கிப் போகிறவர்களைவிட ஒருபடி மேலானவர்கள்தான். ஆனால் நாய் அதை நக்குகிறது, நச்சு உள்ளே போகிறது, வெந்த தோல் இன்னும் வேகிறது. காசு உள்ள வீட்டில் இதே தவறு நாகரிகமாக நடக்கிறது: காரணம் பார்க்காமல் ஒரு ஸ்டீராய்டு ஊசி. நாய் அன்றிரவே நிம்மதியாகத் தூங்கும், வீடும் தூங்கும். ஊசியின் வேகம் தீர்ந்ததும் அரிப்பு திரும்பும். நோய் டெமோடெக்ஸாக இருந்தால் எதிர்ப்புச் சக்தியை அமுக்கிய அந்த ஊசியே அதற்கு விருந்து வைத்ததாகும். எல்லாவற்றிலும் கசப்பான சாத்தியம் உணவுதான். நாய்களுக்கு ஒவ்வாமை தரும் உணவுகளில் மாட்டிறைச்சி, பால், கோழி ஆகியவை முன்வரிசையில் இருக்கின்றன. அன்போடு தினமும் பிசைந்து வைக்கும் கோழிச்சோறே அந்த நாயின் காதையும் பாதத்தையும் எரியவைத்துக்கொண்டிருக்கலாம். பசியை வைத்துப் பழகிய கருணை இந்த இடத்தில் முற்றிலும் திகைத்துப்போகும். அதற்குத் தெரிந்த ஒரே செயல் கொடுப்பது. இங்கே அந்தச் செயல்தான் நோய்.

வள்ளுவர் அருளுடைமையை அறத்துப்பாலில் 25ஆம் அதிகாரமாக வைத்தார், மருந்தைப் பொருட்பாலில் 95ஆம் அதிகாரமாக வைத்தார். இடையில் 70 அதிகாரத் தொலைவு. நாம் அந்தத் தொலைவை அப்படியே பிடித்துக்கொண்டு, ஒன்று மனத்தின் காரியம், மற்றது வைத்தியர் காரியம் என்று வகுத்துக்கொண்டோம் என்று தோன்றுகிறது. மருந்து அதிகாரத்தில் எல்லோருக்கும் தெரிந்தது நோயின் முதலைத் தேடச் சொல்லும் குறள். அதற்கு முன்னால் வரும் ஆறு குறள்களும் உண்பதைப் பற்றியவை என்பதையும் அவற்றில் ஒன்று உடலோடு மாறுபடாத உணவைப் பற்றிப் பேசுவதையும் யாரும் மேடையில் சொல்வதில்லை. ஒவ்வாமை பார்க்கும் தோல் மருத்துவருக்கு அது புதிய செய்தியாக இருக்காது. இன்னா செய்யாமை அதிகாரத்தில் அவர் ஒரு கேள்வி கேட்கிறார்: பிற உயிரின் துன்பத்தைத் தன்னதாக எடுத்துக்கொள்ளாத அறிவு இருந்து என்ன பயன்? அருள் இல்லாத அறிவைத் தலைகுனியவைக்கும் கேள்வி. அதைத் திருப்பிப் போட்டு, அறிய முயலாத அருளால் அந்த உயிருக்கு என்ன பயன் என்று கேட்டுப் பார்த்தால் வேஸ்ட் ஆயிலும் பிஸ்கட் பாக்கெட்டும் கண்முன் வருகின்றன. இரண்டு கேள்விகளையும் சேர்த்து வைத்தால்தான் வள்ளுவர் நினைத்தது முழுமையாகக் கிடைக்கும் என்று நான் வாசிக்கிறேன். அந்த 70 அதிகாரங்கள் பிரிக்கும் வேலி அல்ல, நடந்து கடக்க வேண்டிய வழி.

முதல் மறுப்பு வினைக் கொள்கையிலிருந்து வரும். முற்பிறவியின் பயனை அந்த நாய் அனுபவிக்கிறது. நாய்ப் பிறவியே அதற்குச் சான்று. இடையில் புகுந்து நீங்கள் என்ன ஆராயப் போகிறீர்கள்? இதற்குப் பழைய விடை சம்யுத்த நிகாயத்தில் இருக்கிறது. மோலிய சீவகர் என்ற துறவி புத்தரிடம், மனிதர் அனுபவிக்கும் இன்பதுன்பம் எல்லாம் முன்வினைப் பயனே என்கிறார்களே என்று கேட்கிறார். புத்தர் வேதனைகளுக்கு எட்டுக் காரணம் எண்ணுகிறார்: பித்தம், சிலேத்துமம், வாதம், இம்மூன்றின் கலப்பு, பருவ மாற்றம், முறையற்ற பராமரிப்பு, பிறர் தாக்குதல், கடைசியாக வினைப்பயன். எல்லாவற்றையும் வினையின் தலையில் கட்டுபவர்கள் தாமே அறிந்ததையும் உலகம் உண்மையென்று ஏற்றதையும் மீறிப் பேசுகிறார்கள் என்கிறார். வினையை நம்பிய ஒருவரே அதை எட்டில் ஒன்றாக்கி வரிசையின் கடைசியில் நிறுத்தியது கவனிக்கத்தக்கது. பருவ மாற்றம், முறையற்ற பராமரிப்பு என்ற இரண்டையும் அரிப்பு கண்ட நாயைப் பார்க்கும் மருத்துவர் இன்றும் முதலில் விசாரிப்பார். சைவ சித்தாந்தி இதற்கு அடங்கமாட்டார்: தெள்ளுப்பூச்சியும் வினை ஊட்டும் கருவிதானே, அதைக் கண்டுபிடித்ததால் வினை பொய்யாகிவிடுமா என்பார். ஆகாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தெள்ளு கருவி என்றால் தெள்ளு வாரும் சீப்பும் கருவியாகலாம். வினை என்ற விடை எல்லா நாய்க்கும் ஒன்றாகவே பொருந்துகிறது. காது மடல் ஓரத்துக்கும் வாலடிக்கும் அதற்கு வேறுபாடு தெரியாது. அதை நம்பலாம், அதைக் கொண்டு ஒரு காரியமும் செய்ய முடியாது. வள்ளலார் ஜீவகாருண்ய ஒழுக்கத்தில் இதே மறுப்பைப் பசியை வைத்து எதிர்கொண்டார். கொடிய குற்றம் செய்து விலங்கிடப்பட்டவர்களுக்கும் அரசன் தன் சேவகர்களைக் கொண்டு உணவு கொடுப்பிக்கிறான் அல்லவா என்று கேட்டார். தண்டனை உண்டு என்பதற்காகச் சோற்றை நிறுத்த வேண்டியதில்லை. அந்த உவமையை இன்னும் ஓர் அடி நீட்டலாம்: சிறைக்கு மருத்துவரும் வருவார்.

உயிரிரக்கம் வைத்தியமாகவும் இருக்க வேண்டும் என்பது இந்த மண்ணுக்கு வெளியிலிருந்து வந்த நவீனச் சரக்கும் இல்லை. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அசோகர் வெட்டுவித்த இரண்டாம் பாறைக் கல்வெட்டு மனிதருக்கும் விலங்குக்கும் இருவகை மருத்துவ ஏற்பாடு செய்ததைச் சொல்கிறது. அது நடந்த நாடுகளாகச் சோழ, பாண்டிய, சத்தியபுத்திர, கேரளபுத்திர நாடுகளும் தாம்பிரபரணி என்ற இலங்கையும் பெயர் சொல்லிக் குறிக்கப்படுகின்றன. மருந்துச் செடிகள் இல்லாத இடங்களுக்குக் கொண்டுவந்து நட்டதாகவும் அதில் இருக்கிறது. பேரரசன் தன் பெருமைக்குச் சொன்னது என்று கொஞ்சம் கழித்துக்கொண்டாலும், விலங்கின் நோய்க்கு எந்தச் செடி என்று யாரோ ஒருவர் கேட்டிருந்தால்தான் அந்த வரி எழுதப்பட்டிருக்க முடியும்.

இரண்டாவது மறுப்பு கூர்மையானது. நாயைக் காப்பதற்காக ஆயிரக்கணக்கான பூச்சிகளைக் கொல்வது என்ன அருள்? மயிற்பீலியால் தரையைக் கூட்டிவிட்டு அமரும் சமண முனிவருக்கு இந்தக் கேள்வி வேடிக்கையல்ல. திபெத்திய பௌத்த மரபில் இதற்கென்றே ஒரு கதை இருக்கிறது. மைத்ரேயரைக் காண வேண்டிப் பன்னிரண்டு ஆண்டு குகையில் தவமிருந்தும் பலனின்றி வெளியேறிய அசங்கர், வழியில் உடலின் கீழ்ப்பாதி புழுத்துப்போன நாயைக் காண்கிறார். புழுவை எடுக்காவிட்டால் நாய் சாகும், எடுத்து எறிந்தால் புழு சாகும். தன் தொடைச் சதையை அறுத்துப் புழுக்களுக்கு வைக்கிறார். விரலால் எடுத்தால் நசுங்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு நாக்கை நீட்டுகிறார். நாக்கு தரையைத் தொடுகிறது; நாய் இருந்த இடத்தில் மைத்ரேயர் நிற்கிறார். தவத்தால் வராதவர் நாயின் புண்ணுக்கு வந்தார் என்று இதை உருகிச் சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது அசங்கர் கணக்குப் போட்டது: இந்தப் புழுவுக்கு எது உணவு, எது அதை நசுக்கும், எது நசுக்காது என்று. ஆனால் அவர் வழி நமக்கு உதவாது. நாயின் சர்காப்டிஸ் மனிதத் தோலுக்கும் தாவும், சில நாள் அரிக்கவும் செய்யும், ஆனால் அங்கே அதனால் குடும்பம் நடத்த முடியாது. அசங்கரே தொடையை நீட்டினாலும் அந்தப் பூச்சிக்கு வாழ்வு கிடைக்காது. ஆகவே கொலை நேர்கிறது. அதை இல்லை என்று நான் வாதிடவில்லை. நாயின் வேதனையும் நுண்பூச்சியின் இருப்பும் ஒரே எடை என்று நினைப்பவருக்கு என்னிடம் முழு விடையும் இல்லை. ஒன்று சொல்லலாம்: காரணம் அறியாதவர்தான் அதிகம் கொல்கிறார். இல்லாத உண்ணிக்கு வீடெங்கும் மருந்து தெளிக்கிறார். நாய்க்கென விற்கும் பெர்மெத்ரின் மருந்து பூனையின் உயிரை வாங்கும் என்பது தெரியாமல் இரண்டுக்கும் தடவுகிறார். கோலி இன நாய்கள் பலவற்றின் மூளை சற்றே கூடிய அளவு ஐவர்மெக்டினைக்கூடத் தாங்காது என்று தெரியாமல் ஊசி போடச் சொல்கிறார். கொல்லாமையை நெருங்க விரும்புபவருக்கும் வழி நோயின் முதலைத் தேடுவதன் ஊடாகத்தான் போகிறது.

மூன்றாவதாக ஒரு நுட்பமான எதிர்ப்பு, அரிப்பைத் தத்துவவாதிகள் கையாண்ட விதத்திலேயே ஒளிந்திருக்கிறது. பிளேட்டோவின் கோர்ஜியாஸ் உரையாடலில் சாக்ரடீஸ், வாழ்நாள் முழுக்க அரிப்பும் அதைச் சொறியும் வசதியும் வாய்த்தவன் இன்பமாக வாழ்கிறானா என்று காலிக்ளிஸை மடக்குகிறார். மஜ்ஜிம நிகாயத்தின் மாகந்திய சுத்தத்தில் குட்டநோயாளி புண்ணைச் சொறிந்து நெருப்புக் குழியில் காய்ச்சிச் சுகம் காண்கிறான். சொறிவது சுகம், அரிப்பே இல்லாதிருப்பது அதைவிடச் சுகம் என்பது நாகார்ஜுனரின் ரத்னாவளி. நம் ‘தினவு’ என்ற சொல்லும் தோல் அரிப்பிலிருந்து தோள் தினவுக்குத் தாவிவிட்டது. மூவரும் அரிப்பை ஆசைக்கு உவமையாக்கினார்கள். உவமை பழகப் பழக, சொறிவது ஒரு பலவீனம், அடக்கிக்கொள்வது உயர்வு என்ற வாடை உண்மையான அரிப்பின் மேலும் ஏறிவிட்டது. சொறியும் நாயை அதட்டுவது இதன் நடைமுறை வடிவம். கழுத்தில் பிளாஸ்டிக் கூம்பு மாட்டுவது அதன் சாதனம்: நாய் புண்ணை நக்க முடியாது, அரிப்பு மட்டும் அப்படியே இருக்கும். புண் ஆறும்வரை கூம்பு வேண்டியதுதான்; கூம்போடு நிறுத்திக்கொள்வது நாய்க்குத் துறவறம் திணிப்பது. ஆனால் நாகார்ஜுனரைக் கவனமாக வாசித்தால் அவர் கூம்பைப் பரிந்துரைக்கவில்லை. அரிப்பே இல்லாத நிலையைத்தான் சொல்கிறார், அதற்கு வேரைத் தொட வேண்டும். புத்தகோசர் விசுத்திமக்கத்தில் நான்கு உண்மைகளையும் நோய், நோய்க்காரணம், நோய் தீர்தல், மருந்து என்று ஒப்பிட்டபோது நினைத்ததும் அதுவே.

இத்தனை அறிவு வேண்டுமென்றால் அருள் படித்தவர் சொத்தாகிவிடாதா, தெருநாய்க்குப் பிஸ்கட் போடும் எளியவரைச் சிறுமைப்படுத்துகிறீர்களே என்று கேட்கலாம். மருத்துவர் முதலில் கேட்பவற்றுக்குப் படிப்பு தேவையில்லை. எங்கே சொறிகிறது? எந்த வயதில் தொடங்கியது? எல்லா மாதமும் உண்டா, சில மாதம்தானா? என்ன தின்கிறது? வீட்டில் வேறு யாருக்காவது அரிக்கிறதா? இந்தக் கடைசிக் கேள்விக்கு ஆமென்று விடை வந்தால், ஆய்வகம் காட்டாத சர்காப்டிஸ் மேல் அந்த விடையே விரல் நீட்டும். இதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியவர் தினமும் நாயோடு இருப்பவர்; அவர் பார்த்திருக்க வேண்டும், அவ்வளவுதான். மனிதர் பசித்திருக்க நாய்க்குச் செலவா என்ற வாதத்தை நீளமாக எடுத்துக்கொள்ள மனமில்லை, அதைச் சொல்பவர்கள் மிச்சம் பிடித்த காசு மனிதருக்குப் போய்ச் சேர்ந்ததாகப் பெரும்பாலும் தெரியவில்லை. உண்மையில் வலுவான எதிர்ப்பு வேறு: தேடியும் நீக்க முடியாத காரணம் கிடைத்தால்? பிறவி ஒவ்வாமை அப்படிப்பட்டது. அதைக் காட்டும் தனிச் சோதனை கிடையாது. பூச்சி, பூஞ்சை, பாக்டீரியா, உணவு என்று மற்றவற்றை ஒவ்வொன்றாக விலக்கிய பிறகு மிஞ்சுவதற்கு அந்தப் பெயர். பெரும்பாலும் ஆறு மாதத்துக்கும் மூன்று வயதுக்கும் இடையில் தொடங்கி ஆயுள் முழுக்க வரும். அரிப்புச் செய்தியை நரம்புக்குக் கொண்டுபோகும் இன்டர்லூகின்-31 என்ற புரதத்தை மடக்கும் ஊசியும் அதன் வேலையைத் தடுக்கும் மாத்திரையும் இப்போது உண்டு; இவை அரிப்பைத் தணிக்கும், ஒவ்வாமையை அகற்றாது. அப்போது தேடியதெல்லாம் வீணா? இல்லை. எதை நீக்க முடியாது என்று தெரிந்த பிறகு கொடுக்கும் தணிப்பும் எதையும் பாராமல் போட்ட ஸ்டீராய்டு ஊசியும் மேலுக்கு ஒன்றுபோல் தெரியலாம். முன்னதில் அந்த நாய் ஒரு முறையாவது முழுமையாகப் பார்க்கப்பட்டிருக்கிறது.

கடைசியாக, இந்தத் தேடலில் அருளையே சோதிக்கும் ஒரு கட்டம் இருக்கிறது. உணவுதான் காரணமா என்று அறிய, நாய் இதுவரை தின்றிராத ஒரே இறைச்சியை, அல்லது அதற்கென்று தயாரித்த உணவை, எட்டு வாரம் கொடுக்க வேண்டும். நடுவில் ஒரு எலும்புத்துண்டு, ஒரு பிஸ்கட், பக்கத்து வீட்டுப் பாசம் எதுவும் கூடாது. அரிப்பு நின்றுவிட்டால் வீடு மகிழும். ஆனால் அதை நிரூபணமாக மருத்துவர் ஏற்கமாட்டார். பருவம் மாறியிருக்கலாம், தெள்ளு ஒழிந்திருக்கலாம். பழைய உணவை மறுபடி கொடுத்து, அரிப்பு மறுபடி வருகிறதா என்று பார்க்கச் சொல்வார். பலர் இந்த இடத்தில் மறுத்துவிடுகிறார்கள். தூங்கப் பழகிய உயிரைத் தெரிந்தே மீண்டும் துன்பத்தில் தள்ளுவது இன்னா செய்வதாகாதா என்ற அவர்களுடைய தயக்கத்தில் நியாயம் இருக்கிறது. இருந்தும் அவர்கள் செய்ய வேண்டும் என்றே நினைக்கிறேன். அந்தத் துன்பம் அளவோடு நிற்பது, விடை வந்த கணமே நிறுத்தக்கூடியது, அனுபவிக்கும் நாயின் நன்மைக்கே ஆனது. மறுத்தால் ஓர் ஊகத்தை நம்பி அந்த நாய் வாழ்நாள் முழுக்க ஒரு சுவையை இழக்கலாம், உண்மைக் காரணம் வேறாக இருந்து இன்னொரு மாதத்தில் திரும்பவும் வரலாம். எனவே தட்டில் மறுபடியும் கோழிச்சோறு. நாய் வாலாட்டிக்கொண்டு தின்கிறது. வைத்தவர் பக்கத்தில் உட்கார்ந்து அதன் காதையும் பாதத்தையும் பார்த்துக்கொண்டிருக்கிறார். விடை மூன்று நாளில் வரலாம், இரண்டு வாரமும் ஆகலாம்.